ஒரு வாளி மணல்

குக்கர் கேஸ்கட்டைக் கழற்றி ஆணியில் மாட்டணும்.
வெயிட்டை ஒளித்து வைக்கணும்,
சின்னவன் பம்பரம் என்று சுற்றிவிடுவான்.
அடியில் இரண்டு விரற்கடை மணல்.
அது சூடாகக் கால்மணி நேரம்.
அதற்குள் சொல்லிவிடலாம்.

தொண்ணூற்று நாலு, ஆனிச் சாரல்.
புளியரைச் சோதனைச்சாவடியில் அப்பா எழுத்தர்.
ஒரு லாரி வந்தது.
சீட்டில் ஜல்லி, தார்ப்பாய்க்கு அடியில் மணல்.
ஓட்டி வந்தவர் புனலூர் பேபிச்சன்.
தென்காசியிலிருந்து அதிகாரி வரும்வரை
வண்டி நகரக் கூடாது.
அதிகாரி வந்தது மூன்றாம் நாள்.

ஒழுகாத ஒரே பெஞ்சில்
இரண்டு ஆட்கள் எவ்வளவு நேரந்தான்
மழையைப் பற்றியே பேசுவார்கள்?
முதல் ராத்திரி ரப்பர் விலை, மகள்கள் படிப்பு.
இரண்டாம் ராத்திரி கேக்.
அவர் சம்சாரம் ஏலியாம்மா
கிறிஸ்துமசுக்கு மணலில் சுடுகிற கேக்.

அப்பா அதைச் சரக்குப் படிவத்தின்
பின்பக்கம் எழுதிக்கொண்டார்.
பொருளின் பெயர், அளவு, மதிப்பு:
முன்பக்கத்துக் கட்டங்கள் பின்னாலும் தெரிந்தன,
அவற்றுக்குள்ளேயே எழுதினார்.
‘முட்டை, நாலு’ என்பதை மட்டும் அடித்து
ஓரத்தில் சுருக்கொப்பம்.
‘பதிலாக: புளித்த தயிர் ஒரு கரண்டி,
ஆப்பசோடா சிட்டிகை.’

விடியும்போது பேபிச்சன்
“மணலில்லாதெ எந்து கேக்கு, சாறே?” என்று
ஒரு வாளி அள்ளிக் கொடுத்தார்.
அப்பா ஐந்து ரூபாய் நீட்டினார்.
அவர் வாங்கவில்லை. அப்பா விடவில்லை.
ரசீது எழுதி, கையெழுத்து வாங்கி,
பதிவேட்டில் சிவப்பு மையால்:
சரக்கில் ஒரு வாளி குறைவு.

செங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்
ராத்திரி ஷிப்டு முடித்து வந்த அம்மா
சைக்கிள் கேரியரில் மணலைப் பார்த்தாள்.
“அவனவன் ரூவாயா வாங்குதான்.
நமக்கு லஞ்சங்கூட மண்ணாத்தான் வருது.”
அப்பா ரசீதைக் காட்டினார்.
அம்மா சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு ஆவுடை அத்தை
யாருக்கோ என்னமோ என்று ஓடிவந்தாள்.

முதல் கேக் கரி.
இரண்டாவது களி.
மூன்றாவதில் கறுத்துப்போன ஏத்தன் பழம் இரண்டைப்
பிசைந்து போட்டது அம்மா,
படிவத்தில் இல்லாத சரக்கு.
அது எழும்பி மூடியை முட்டியது.
நானும் சைலுவும் ஆறவிடாமல் தின்றோம்,
நாக்கு பொத்துப்போய்
இரண்டு நாள் ரசஞ்சாதம் எரிந்தது.

மணல் சூடாகிவிட்டது. கையை மேலே காட்டினால் தெரியும்.
வெல்லப்பாகை வடிகட்டியாச்சு.
ஏலக்காயைத் தோலோடு பொடித்தாச்சு,
முந்திரியில் பாதி சின்னவன் கணக்கில் போயாச்சு.
பாத்திரத்தை வளையத்தின் மேல் இறக்கி, மூடி,
தீயைக் குறைத்து, நாற்பது நிமிஷம்.

என்னிடம் ஓவன் இருக்கிறது.
தவணையும் முடிந்துவிட்டது.
கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும் அதில்.
நான் அதில் வேர்க்கடலை வறுக்கிறேன்.

இன்று அம்மாவுக்கு அறுபத்தெட்டு.
கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு
“இதுக்கும் பில்லு உண்டா?” என்கிறாள்,
வருஷம் தவறாமல்.
சைலு கொல்லத்திலிருந்து போனில் பாடுகிறான்,
பாட்டு முடியுமுன் சிக்னல் மலையேறிவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றிருபது.
வாசம் மட்டும் போதும் என்றவர்
நான் டீ ஊற்றத் திரும்பிய நேரத்தில்
ஒரு துண்டை முடித்திருந்தார்.
திடீரென்று தாடை நின்றது.
கட்டுப்பல்லைக் கழற்றினார்,
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சின்னவன் மூடியைத் தள்ளிப் பார்த்தபோது
துள்ளி விழுந்திருக்க வேண்டும்,
ஒரே ஒரு மணல்.

துப்பவில்லை.
வேட்டி முனையில் துடைத்து
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு
அடுப்படிவரை நடந்து போனார்.
மணல் டப்பாவைத் திறந்து
உள்ளே உதறிவிட்டு
மூடியை அழுத்தினார்.