மூன்றாம் நிரல்

வலயத்திலிருந்து வந்த படிவத்தில் மூன்று நிரல்.
சிதைந்தவை. காலங்கடந்தவை. காணாமற்போனவை.
முப்பதாம் திகதிக்கு முன்
மூன்று பேர் ஒப்பமிட்டு அனுப்பவேண்டும்.

அதிபர், நான், விஞ்ஞானம் படிப்பிக்கும் பவாகரன்.
வவுனிக்குளத்துக் காற்று யன்னலால் வந்து
பிரித்து வைத்ததையெல்லாம் கலக்கப் பார்த்தது.
குவியலுக்கு ஒரு செங்கல் துண்டு வைத்தோம்.

முதல் நிரல் இலகு என்றுதான் நினைத்தேன்.
அட்டை கழன்றது, முதுகு பிய்ந்தது,
மழையில் ஊதி மூடமுடியாமல் நிற்பது.
(திரும்பி வந்தபோது அலுமாரி பூட்டோடு இருந்தது.
கூரைதான் இருக்கவில்லை.)
முதலுதவிக் கையேட்டில்
நாற்பதாம் பக்கம் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது:
இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தல்.
பாம்புக்கடி, காய்ச்சல், நீரில் மூழ்குதல்
ஒருவரும் விரித்துப் பார்க்காத வெள்ளை.
சிதைந்தது, என்று எழுதினார் பவாகரன்.
நான் மறுக்கவில்லை.

கனடாவிலிருந்து வந்த அறுபத்திரண்டும் மினுங்குகின்றன.
பனிமனிதன், பனிச்சறுக்கு, கையுறை போட்ட முயல்.
ஒன்றிலும் மடிப்பு இல்லை, எண்ணெய் விரல் இல்லை.
அவை எந்த நிரலுக்குள்ளும் வராது.
கையளித்த அன்று எடுத்த படம்
அதிபரின் கதிரைக்குப் பின்னால் தொங்குகிறது.
அப்ப, வாசித்ததுகளைத்தானே கழிக்கிறம், என்றேன்.
தேத்தண்ணி ஆறுது ரீச்சர், என்றார் அதிபர்.

இல்லாத நாடுகள் உள்ள உலகப்படத்தைத்
தரம் ஏழு கஜீபன் தூக்கி வந்தான்.
"சேர், இந்த நாட்டுக்கு இப்ப என்ன பேர்?"
பவாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.

மூன்றாம் நிரலில் பத்தொன்பது.
கடைசியாக எடுத்தவரின் பெயர் வேண்டும்.
அவரோ பாதுகாவலரோ ஒப்பமிட்ட பிறகே
பதிவிலிருந்து நீக்கலாம்.

இடாப்பில் 1143. தேனீ வளர்ப்புப் பற்றிய சிறு நூல்.
எடுத்தவர் சு. அகிலரூபன், தரம் பத்து.
2008 ஆடி பதினான்கு.
திருப்பவேண்டியது ஆடி இருபத்தெட்டு.

வீடு தெரியும்.
மதகுக்கு அங்காலை, பச்சைக் கேற்.
இராசமலரக்கா ஒரு கடதாசியிலும் ஒப்பமிடமாட்டா.
கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்தவர்களிடமே
பேனையைத் திருப்பிக் கொடுத்தவ,
தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று சொல்லி.

நீங்கள் போங்கோ, என்றார் அதிபர்.
நீங்கள் போங்கோ, என்றேன்.

இருட்டுப்படும் நேரம்
1143க்கு நேரே நீலப் பேனையால் எழுதினேன்:
இரவலில் உள்ளது.
கணக்காய்வாளர் கேட்டால் சொல்லலாம்,
தண்டப்பணம் நாளுக்கு ஐம்பது சதம்,
ஏறிக்கொண்டிருக்கிறது என்று.

கழித்தவற்றைப் பொடியள் உரச்சாக்கில் கட்டினார்கள்.
எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.
பவாகரன் அவிழ்த்துத் திரும்ப எண்ணினார்.
மறுபடியும் ஒன்று குறைந்தது.
நான் கைப்பையை மடியில் வைத்தபடி
கஜீபனிடம் விளக்கைப் போடச் சொன்னேன்.