தொண்ணூற்று மூன்று

தோ பாயோ, எட்டாவது லோரோங்.
வாய்ட் டெக்கில் வட்ட மேசைகள்,
கடலை, கோப்பி, சோயா பால் பொட்டலம்.
மாலை போட்ட சட்டத்துக்குள் இரும்பு அடைக்கலம்
கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்,
மார்பில் எண்ணெய் மினுங்க.

தேசிய சேவைக்கு மொட்டையடித்த பேரன்
மேசை மேசையாகச் சொல்லி வருகிறான்:
"துருக்கி முகமூடியைத் தாத்தா
தொண்ணூத்தி மூணு தடவை சாய்ச்சிருக்கார்.
ஒரு தடவைகூடத் தோத்ததில்ல."

சரியான கணக்கு.
நானும் எண்ணி வைத்திருந்தேன்.

சுவரொட்டியில் நான் துருக்கிக்காரன்.
பகலில் செம்பவாங் கப்பல் பட்டறையில்
துரு சுரண்டிச் சாயம் அடிக்கும் வைரக்கண்ணு.
துருவிலிருந்துதான் துருக்கி வந்தது என்பார் அடைக்கலம்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நகைச்சுவை.

கேலாங்கில் தகரக் கூரை அரங்கம்.
யார் ஜெயிப்பது என்பதை
டி குரூஸ் அரை சிகரெட்டில் முடிவு செய்வார்.
எப்போதும் ஒரே முடிவு என்பதால்
பிறகு சிகரெட் மட்டும் பிடித்தார்.

"அவன் கைய ஒடிங்கண்ணே!"
முதல் வரிசையிலிருந்து கத்தியது என் மைத்துனன்.
மறுநாள் என் வீட்டில் ஆட்டுக்கால் சூப் குடித்துக்கொண்டே
முகமூடி விழுந்த அழகை
எனக்கே நடித்துக் காட்டினான்.
நன்றாக விழுந்தான்.

அடைக்கலம் தங்கமான மனிதர் என்று சொல்ல வரவில்லை.
எனக்கு இருபத்தைந்து வெள்ளி, அவருக்கு நூறு.
பங்கு தந்ததில்லை.
ஆட்டம் முடிந்து ஒரு பொட்டலம் மீ கோரெங்,
முட்டை அவருக்கு.
ஆனால் அந்தப் பெரிய கை
என் கழுத்தை நெரிக்கிற மாதிரி நெரிக்கையில்
பெருவிரல் தாடைக்குக் கீழே
மூச்சுக்கு ஒரு சந்து விட்டிருக்கும்.
எட்டு வருடம்.
ஒரு ராத்திரிகூட அந்தச் சந்து அடைபட்டதில்லை.

அறுபத்தோராவது ஆட்டம்.
என்னைத் தூக்கி எறிய வேண்டிய இடத்தில்
அவர் முழங்கால் சடக்கென்றது.
எனக்கு மட்டும் கேட்டது.
சிரிப்பு மாறாமல், பல்லிடுக்கில்,
"வைரம், போ" என்றார்.
நானே எகிறினேன்.
அவர் உள்ளங்கை என் இடுப்பைத் தொட்டதோடு சரி.
கயிற்றைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே,
எனக்கு இரண்டு விலா எலும்பு.
மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள்.
அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு
கையை உயர்த்தினார்.

வெளியில் பார்த்தால் பேசக்கூடாது, கம்பெனிச் சட்டம்.
அரங்கத்தை இடித்தார்கள், டி குரூஸ் பெர்த்துக்குப் போய்ச் செத்தார்,
அடைக்கலம் ஒரு வங்கி வாசலில் இரவுக் காவலுக்கு உட்கார்ந்தார்,
சட்டம் மட்டும் எங்களிடம் இருந்தது.
தேக்கா சந்தை மீன் கடையில்
பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு திசை பார்த்து:
"முழங்கால்?"
"மழை வந்தா."
"விலா?"
"அதேதான்."
அவர் வஞ்சிர மீனை முறைத்துவிட்டுப் போவார்.

சவப்பெட்டியின் காலடியில் சாம்பியன் பெல்ட்.
லண்டனில் செய்தது என்று பேரன் தடவிக் காட்டினான்.
பட்டறைக் கழிவுப் பித்தளை,
மதிய இடைவேளையில் நான் வெட்டியது.
அரம் போடாமல் விட்ட ஓரம்
இன்னும் கூராகத்தான் இருக்கிறது.
"கையைக் கிழிச்சிக்காத தம்பி" என்றேன்.

"தாத்தாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒண்ணா வேலை பார்த்தோம்."

மண்டாய்க்குப் போக வண்டி வந்தது.
இடப்பக்கம் ஓர் ஆள் குறைந்தது. போனேன்.
இத்தனை முறை கட்டிப் புரண்ட உடம்பு,
எடை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
தெரியவில்லை.
நான் அவரைத் தூக்கிய ராத்திரிகளில்
அவரும் கொஞ்சம் எம்பியிருக்கிறார்.
முழு எடை
இன்றைக்குத்தான் கொடுத்தார்.

பெட்டிக்காரன் என் தோளைப் பார்த்துவிட்டு
"தூக்கிப் பழக்கம் போல" என்றான்.

"விழுந்துதான்" என்றேன்.