மூன்று புள்ளி ஏழு

நித்தியம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பதினோரு கிளை.
பதினொன்றுக்கும் வருகிற வசவுகளுக்கு
நான்தான் பதில்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை வருந்துகிறேன்,
சம்பளத்துக்கு.

வரைபடத்தில் சிவப்புக் குண்டூசிகள்.
பெரம்பூரில் மூன்று, அதில் இரண்டு ஒரே தெருவில்
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு.
ராயபுரத்தில் ஒன்று, தண்டையார்பேட்டையில் ஒன்று.
திருவொற்றியூர் தேரடி தாண்டினால்
கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும்
வெறும் சாலை.
எர்ணாவூரில் கடைசி ஊசி.
அதற்கும் வடக்கே யாரும் பருப்பு வாங்குவதில்லை என்று
தலைமை அலுவலகம் நம்புகிறது.

எர்ணாவூருக்கு 2.9.
"பிஸ்கட் பாக்கெட்டு மேல சாம்பல்" என்கிறார் கன்னியப்பன்.
படமும் போட்டிருக்கிறார்,
அந்தச் சாம்பலிலேயே விரலால் வரைந்த ஒற்றை நட்சத்திரம்.
புகைபோக்கிக்கு மதிப்பெண் போட
இடம் எங்கே என்று தெரியாமல்
எங்களுக்குப் போட்டுவிட்டார்.

ராயபுரத்துக்கு 4.4.
கடையில் விசேஷமில்லை, ஏசியில்தான்.
மே மாதம்
மீன் வாங்கித் திரும்பும் பெண்கள்
கூடையை வாசலில் வைத்துவிட்டு
சோப்பு வரிசையை இரண்டு சுற்று சுற்றி
ஒரு தீப்பெட்டி வாங்கிப் போகிறார்கள்.
"சூப்பர்." ஐந்து.
அதே நாளில் "கடை வாசல்ல மீன் நாத்தம்." ஒன்று.
இரண்டுக்கும் நன்றி சொன்னேன்.

சராசரி என்பது
யாருமே போடாத நட்சத்திரம்.
மூன்று புள்ளி ஏழு போட
எந்த விரலாலும் முடியாது.

கொருக்குப்பேட்டையில் ஊசி இல்லை.
அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்துபோகும்
மும்தாஜ் எழுதியது:
"ஐஸ்கிரீம் வாங்கினேன். கேட்டு போட்டுட்டான்.
வீட்டுக்குப் போனா பாயசம். ஒரு ஸ்டார்."
மேனேஜர் தணிகாசலம் கொதித்தார்,
ரயிலுக்கு நாமளா சிக்னல் குடுக்கறோம்?

ஒரு சனிக்கிழமை
அரை லிட்டர் வெனிலாவோடு நானே போய் நின்றேன்.
ஒரு சரக்கு ரயில் போனது.
இன்னொன்று வந்தது, யோசித்தது, நின்றது.
ஐம்பத்தொன்பது வேகன் வரை எண்ணினேன்.
இருபத்தாறு நிமிடம்.
பக்கத்து ஆட்டோவில் இருந்த பிள்ளைக்கு
மூடியைத் திறந்து கொடுத்தேன்,
குடிக்கத்தான்.
மும்தாஜுக்கு அச்சடித்த வருத்தம் போகவில்லை.
"நீங்கள் சொன்னது சரி" என்று எழுதினேன்.
அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்.

புயல் வந்த மூன்று நாளும்
வியாசர்பாடிக் கிளைக்கு நேரே
'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று போட்டதும் நான்தான்.
சுரங்கப்பாலம் நிரம்பி, கரண்ட் போய்,
பில் மிஷின் செத்த அந்தக் கடையில்
கேஷியர் ஜெசிந்தா ஷட்டரைப் பாதி தூக்கி
முழங்கால் தண்ணீரில் நின்று
பிரெட்டும் மெழுகுவத்தியும் கொடுத்தது
ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.
கணக்கு, நூடுல்ஸ் அட்டைப்பெட்டியின் உட்புறத்தில், நீலப் பேனாவில்.
நூற்றுப் பதினெட்டு வரி.
'மாடி வீட்டு டெய்லர், பால்பவுடர் 2.'
'பேர் சொல்லல, சிவப்பு குடை, பிரெட் 1.'
மூடிய கடைக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

எல்லோரும் பொங்கலுக்குள் கொடுத்துவிட்டார்கள்
என்று சொல்ல ஆசைதான்.
பதினான்கு பேர் கொடுக்கவில்லை.
ஜெசிந்தா சம்பளத்தில் பிடித்தார்கள்,
மூன்று தவணையாக.

நேற்று அந்தக் கிளைக்குப் புதிதாக ஒன்று:
"பில்லு போடுற அம்மா சிரிக்கவே மாட்டேங்குது. ரெண்டு ஸ்டார்."

வருந்துகிறோம் என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டி, 'றோம்' மட்டும் அழித்து
'றேன்' என்று மாற்றினேன்.
யாரிடம் என்பதை எழுத
அந்தப் பெட்டியில் இடமில்லை.

இன்னும் முப்பத்தொன்று பாக்கி.
சாப்பாட்டு மணி ஆகிவிட்டது.