ஒரு டாலர் நாற்பது

பங்குக்கு நாற்பத்திரண்டு தருவதாகச் சொன்னார்கள்.
திங்கள் காலை சந்தை திறந்ததும்
ஹோல்வெக் பம்ப்ஸ் இருபத்தேழிலிருந்து எகிறி
நாற்பது அறுபதில் நின்றது.
அங்கேயே நின்றது.

மீதி ஒன்று நாற்பது எங்கே என்றேன்.
"சந்தேகத்தின் விலை" என்றான் டுவேன்,
பனி வாரும் வண்டியைவிட்டு இறங்காமலே.

இருபத்திரண்டு வருடம் அந்த ஆலையில்
வால்வுகளுக்கு ரப்பர் வளையம் மாட்டியவள் நான்.
சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்ந்தவை
ஆயிரத்து நூற்று நாற்பது பங்குகள்.
அப்போதெல்லாம் பெரிய ஆர்டர் வந்தால் விலை நிமிரும்,
ஒரு வார்ப்பு விரிசல் விட்டால் குனியும்.
எங்கள் கை எண்ணெயின் வாசம் அதற்குத் தெரியும்.

இப்போது எதுவும் உறைப்பதில்லை.
பிப்ரவரியில் மூன்றாம் கொட்டகை தீப்பிடித்தது:
ஆறு சென்ட்.
சிலியிலிருந்து நானூறு பம்ப் கேட்டார்கள்:
அசையவே இல்லை.
ஆலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு
நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது பங்கு.

எதிர்வீட்டு ஆர்விட் அன்றே விற்றுப் படகு வாங்கிவிட்டான்.
அவனிடம் வாங்கியது யார்?
நியூயார்க்கில் யாரோ.
பம்ப் எதை இறைக்கும் என்றுகூடக் கேட்காதவர்.
வக்கீல்களை வைத்து
வாஷிங்டன் அலுவலகக் கதவுகளின்
கீச்சொலியைக் கேட்பவர்.
எனக்குக் கோபமில்லை.
ஆர்விட்டின் பயத்தை அவர் சுமக்கிறார்,
சுமைகூலி ஒன்று நாற்பது.

ஜூன் நான்காம் தேதி
அரசாங்கம் இன்னும் காகிதம் கேட்டது.
ஒரே மத்தியானத்தில் முப்பத்தாறு.
இடைவெளி ஆறு டாலர்.
அதற்குள் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

எரிவாயு பில்லின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
முறிந்தால் இருபத்தேழு, முடிந்தால் நாற்பத்திரண்டு.
நடுவே பதினைந்து படி,
ஒன்பதில் நிற்கிறோம்.
அப்படியென்றால் ஐந்துக்கு மூன்று நடக்கும் என்கிறார்கள்
முகம் தெரியாத அத்தனை பேரும் சேர்ந்து.

டுவேனின் நுரையீரலுக்கு
டாக்டர் சொன்னதும் ஐந்துக்கு மூன்றுதான், ஏப்ரலில்.
வைத்துக்கொள்வதா விற்பதா என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்நூறை விற்றேன்,
முப்பத்தாறு பத்துக்கு.
கூரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகும்.
மற்ற அறுநூற்று நாற்பதும் கிடக்கட்டும்,
ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இரவு பத்தரைக்கு
ஃபாக்ஸ் ஆற்றைத் தாண்டி ஷிப்ட் சங்கு ஊதியது,
விற்கப்படுவது தெரியாதது போல.
ஜன்னல் பக்கம் புரண்டு படுத்து
டுவேன் கேட்டான்:
"இன்று எவ்வளவு?"
முப்பத்தாறு என்றேன்,
சில்லறையைச் சொல்லாமல்.