அங்க அடையாளம்

எங்கள் ஆபீஸ் பீரோவின் இரண்டாம் தட்டில்
முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி,
அங்க அடையாளம் இரண்டு.
எல்லாம் என் கையெழுத்து.
நீல மை, ஒற்று விடாமல்.

பிரின்ஷா:
இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம்,
வலது முழங்காலில் தழும்பு.
ஏழாம் வகுப்பு தேர்ச்சி. நடத்தை நன்று.
கீழே ஒரு கட்டம்,
கட்டணம் முழுதும் செலுத்தப்பட்டதா?
அங்கே வந்ததும் பேனா நின்றது.
பதினோராயிரத்து நானூறு.

அம்மா தங்கலீலா
அண்டி ஆபீசில் கொட்டை தல்லுகிறவள்.
தோட்டெண்ணெய் அரித்துக் கறுத்த விரல்களைக்
கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசினாள்.
"சாரே, மழைக்கு அவருக்கு வெட்டில்ல.
ரப்பர் மரமெல்லாம் நனஞ்சு கெடக்கு.
டீசிய மட்டும் தாருங்க.
ஓணம் போனஸ் கிட்டினதும் பைசா தந்துருவேன்."
தாளாளரைப் பாருங்க என்றேன்.
தாளாளர், கிளார்க்கைப் பாருங்க என்றார்.
இப்படி மூன்று திங்கள்கிழமை,
மூன்று நாள் கூலி,
மார்த்தாண்டம் பஸ் கட்டணம் தனி.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.
சட்டம் எனக்குத் தெரியும்.
கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு ஐந்து.
பிள்ளை வேறு பள்ளிக்கு மாறக் கேட்டால்
தலைமை ஆசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும்.
அது வரத் தாமதம் என்று சொல்லிப்
புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது.
சுற்றறிக்கை வந்த அன்று
இரண்டு ஓட்டை போட்டு, நாடா கோத்து,
'பொது' என்ற கோப்பில் வைத்தவன் நான்தான்.
ஓரத்தில் கிடந்த 'உடனே'யில்
ஒரு ஓட்டை விழுந்தது.
அன்றைக்கு அதைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டுக் கட்டினேன்.

நான்காவது திங்கள் பிள்ளை தனியாக வந்தாள்.
குடை இல்லை.
ஜன்னல் கம்பிக்கு அப்பால்
புருவத்து மச்சத்தின் மேல் ஒரு துளி.
"சாரே, எனக்க மச்சத்த எழுதி வச்சிருக்கேளா?
ஒருக்கா பாக்கட்டா?"
பாக்கி உள்ளவர்களுக்குக் காட்டுவதில்லை.
அது சட்டத்தில் இல்லை, எங்கள் வழக்கத்தில் உண்டு.
மேசைக் கண்ணாடியில் எட்டித்
தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.
போய்விட்டாள்.

ஜூலை ஒன்பது, பதிவுத் தபால்.
மலையோரத்து அரசு நடுநிலைப் பள்ளி,
தலைமை ஆசிரியையின் உருண்டை எழுத்தில் நாலு வரி.
மேற்படி மாணவி ஜூன் இருபத்து நான்கு முதல்
எம் பள்ளியில் எட்டாம் வகுப்பு பயில்கிறார்.
மாற்றுச் சான்றிதழை அனுப்பவும்.

காலண்டரைப் புரட்டினேன்.
அதே நான்காவது திங்கள்.
இங்கிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறாள்,
ஈரத் துணியோடு.

தாளாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
"டீசி இல்லாம எப்படி சேத்தா?"
பொதுக் கோப்பை எடுத்து அவர் முன் வைத்தேன்.
தூசி அவர் காப்பியில் விழுந்தது.
அவர் அதைக் குடிக்கவில்லை.
சாயங்காலத் தபாலில் சான்றிதழ் போனது,
அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோட்டோடு.

வீரம் ஒன்றும் இல்லை.
பீரோவில் இன்னும் முப்பத்தொரு பேர்.
எனக்கு ஓய்வுக்கு ஆறு வருஷம்,
வீட்டுக் கடனுக்கு ஒன்பது.

மறுநாள் குளச்சலிலிருந்து ஒருவர் வந்தார்.
சட்டையில் டீசல் வாடை, கையில் பையனின் பழைய ரசீது.
தாளாளரைப் பாருங்க என்று
வாய் தன்பாட்டுக்குத் தொடங்கியது.
ரசீதை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்,
பிரிவு ஐந்து. டீசி இல்லாமலே சேர்க்கலாம்.
கையொப்பம் இடவில்லை.

நீல மை.
ஒற்று ஒன்றும் விடவில்லை.
இந்த ஊரில் யார் பார்த்தாலும் தெரியும்,
யார் எழுத்து என்று.