சும்மா சுற்றுகிற மோட்டார்

பள்ளிக்கூடத்தை மூடியபோது
பட்டறை வகுப்பின் லேத்தை ஏலம் விட்டார்கள்.
இருநூற்றைம்பது டாலர்;
கடைசியாக உயர்ந்தது என் கை.
பதினாறு வருடம் அதே பள்ளிக்குப் பேருந்து ஓட்டினேன்.
பிள்ளைகளை வாசலில் இறக்கிவிடுவதோடு சரி,
உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

ஒன்றரை டன்.
உறைந்த தரையில் இரும்புக் குழாய்களைப் பரப்பி
சவுனாவுக்குப் பின்னாலிருந்த கராஜுக்குள் உருட்டினோம்.
மோட்டார்த் தகட்டில் எண்ணெய்க் கறையைத் துடைத்த பிறகுதான்
எழுத்து தெரிந்தது:
மும்முனை.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில்
எங்கள் சாலைக்கு வருவது ஒருமுனைதான்.
மின் நிறுவனத்து ரௌட்டியோ
பனியில் நின்றபடியே கணக்குப் போட்டார்:
பதினொரு கம்பம், நாற்பத்திரண்டாயிரம் டாலர்.
"வீட்டை விற்றுத்தான் கட்டணும்" என்றேன்.
"வீட்டை விற்றால் லேத்தை எங்கே வைப்பாய்?" என்றார்.
முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நகைச்சுவை.

ஆசைக்கு ஒரு தடவை
நேராகவே கொடுத்துப் பார்த்தேன்.
ம்ம்ம்ம் என்றது. நகரவில்லை.
முக்காலியை இரண்டு காலில் நிற்கச் சொன்ன கதை.
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா
என்று அதற்குச் சொல்ல யாருமில்லை.
வார்னிஷ் கருகும் வாசனை வந்ததும் அணைத்தேன்.

மர ஆலையின் பழைய இரும்புக் குவியலில்
பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று கிடைத்தது.
அதற்கு நான் வேலை எதுவும் தரவில்லை.
பட்டை கிடையாது, பல்சக்கரம் கிடையாது,
அச்சு வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும்.
சும்மா சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.
அப்படிச் சுற்றும்போது
கம்பியில் வராத மூன்றாம் முனை
அதன் செப்புச் சுருளில் உண்டாகி
லேத்துக்குப் போய்ச் சேரும்.

தானாக அதுவும் கிளம்பாது.
அச்சில் கயிற்றைச் சுற்றி
படகு இன்ஜினுக்கு இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு,
கயிறு விடுபட்ட நொடியில்
மற்றக் கையால் சுவிட்ச்.

மீட்டரை வைத்தேன்.
இருநூற்று நாற்பது. இருநூற்று இருபத்தெட்டு. இருநூற்றுப் பதினாறு.
கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றிப் போட்டும்
கடைசி எண் கொஞ்சம் சோகையாகவே நின்றது.
போகட்டும். லேத்துக்கு எண் படிக்கத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டேன்.
மோட்டாருக்கு அதுவும் சம்மதம்.
அது போன திசையை நம்பி
லேத்தும் பின்னோக்கிச் சுற்ற,
சக் தன் மரையைத் தானே கழற்றிக்கொண்டு குதித்து
என் வலது பூட்ஸுக்கு அருகே சிமென்டைப் பெயர்த்து
பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.
இப்போது மோட்டார் மேல் சிவப்பு அம்பு,
சுவரில் ஓர் அம்பு,
கையுறையிலும் ஒன்று.

எனக்கும் டெல்ஃபீன் பூஷாமுக்கும்
ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.
வேலித் தகராறில் பன்னிரண்டு வருடம் பேச்சில்லை
(தப்பு யார் மேல் என்பது இங்கே வேண்டாம்).
நான் கயிறு இழுத்தால்
அவள் வீட்டு விளக்கு மங்கித் திரும்பும்.
முதல் நாளே தொலைபேசி அடித்தது:
"ஊசி கோத்துக்கொண்டிருந்தேன், லெம்பி."
இரண்டாம் நாளும் அதே ஊசி.
மூன்றாம் நாள் உத்தரவு:
இழுப்பதற்கு முன் இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடு.
நான் எடுக்க மாட்டேன்.

அப்படியே ஒரு குளிர்காலம் போனது.
இரண்டு மணி. இழுப்பு. சுவிட்ச்.

பிப்ரவரியில் ஒருநாள்
முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.
"என்ன செய்கிறாய்?"
"பேருந்துக் கதவுக்கு ஒரு புஷ்."
ம்ம் என்றாள்.
நானும் ம்ம் என்றேன்.
இருவரும் வைக்கவில்லை.
கயிறு அச்சில் சுற்றியிருக்கிறது,
மீதி என் முஷ்டியில்.

"சரி, இழு" என்றாள்.
"ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்."