உறை எண் பதினேழு

கப்பலூர் நூற்பாலை, பெண்கள் விடுதி.
அறைக்குப் பன்னிரண்டு பேர், பாய்க்கு இரண்டு பேர்.
இரவு ஷிப்டு முடிந்து வருகிறவள்
பகல் ஷிப்டுக்குப் போனவளின் சூட்டிலேயே படுக்கிறாள்.
அந்தச் சூடு ஆறுவதற்குள்
விரலிடுக்கு மாறிவிடுகிறது பூச்சி.

தோலைச் சுரண்டி
கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தேன்.
எட்டுக் கால், முதுகெல்லாம் முள்.
தோலுக்குள் சந்து வெட்டிக்கொண்டே
போகிற வழியெல்லாம் முட்டையிடும் பெண்.
மேலே படுத்திருப்பவளுக்காவது
எட்டு மணிக்கொரு சங்கு ஊதுவார்கள்.

பெர்மெத்ரின் களிம்பு இங்கே முன்போல் கேட்பதில்லை.
மூன்றாவது குழாயையும் பிதுக்கித் தீர்த்துவிட்டு
நள்ளிரவில் எழுந்து
தகர அலமாரியின் விளிம்பில் முதுகைத் தேய்க்கிறார்கள்.
அதனால்தான் புங்கம் விதைக்குப் போனேன்.
நாகமலை அடிவாரத்தில் ஒரு சாக்குப் பொறுக்கி
ஆய்வகத்தில் வடித்தால்
ஒரு சிறங்கை மஞ்சள் எண்ணெய்.

அதை மட்டும் விட்டால் பூச்சி தள்ளாடும், சாகாது.
களிம்போடு சேர்த்து விட்டால்
நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள்
கால் மடக்கிக் கிடக்கும்.
கண்ணாடிச் சில்லில்.
தோல் கண்ணாடிச் சில்லு இல்லை.

ஆகவே உறைகள், ஒன்று முதல் நாற்பது வரை.
பாதிப் பேருக்குக் களிம்பு மட்டும்,
பாதிப் பேருக்குக் களிம்பும் புங்கமும்.
குலுக்கி, ஒட்டி, முத்திரை வைத்தோம்.
புங்கத்தின் கசப்பு வாடைக்கு
எந்தப் பசையால் முத்திரை வைப்பது?

பதினேழு: ஒச்சம்மா, செக்கானூரணிப் பக்கம், களிம்பு மட்டும்.
பதினெட்டு: லூர்துமேரி, இரண்டும்.
ஒரே பாய்.

நாலாம் வாரம் நாற்பது பேருக்கும் தோல் தெளிந்துவிட்டது.
அட்டவணையில் இரண்டு பத்தியும் இரட்டைப் பிள்ளைபோல் நின்றன.
புள்ளியியல்காரர் போனில் சொன்னார்,
"உங்க புங்கம் ஒண்ணும் பண்ணலையே மேடம்."

போய்க் கேட்டேன்.
ஒச்சம்மா கையை விரித்துக் காட்டினாள்,
குற்றம் செய்த முகமே இல்லை.
"அவ முதுகுக்கு நாந்தான தேச்சு விடணும்?
கையில ஒட்டுனத எங்கிட்டுத் தொடைக்க?
மிச்சம் இருந்துச்சு, நாலாம் ரூமுக்கும் குடுத்தோம்."

பூச்சி எந்த வழியாகப் போனதோ
அந்த வழியாகவே போயிருக்கிறது மருந்து.
பாய், போர்வை, கை, முதுகு.

இதற்கு எங்கள் படிவத்தில் ஒரு சொல் உண்டு: விதிமீறல்.
எழுதினேன், அடித்தேன்,
திரும்பவும் எழுதினேன்.
சொறியாமல் தூங்குகிறவளின் பெயரில் எழுத
நெடுநேரம் பிடித்தது.
ஆனாலும் தெரிந்தாக வேண்டும்.
குணமாக்கியது புங்கமா, களிம்பா, இரண்டுமா,
ஒருத்தி முதுகை இன்னொருத்தி விடாமல் தேய்த்த தேய்ப்பா?

அடுத்த மாதம் வாடிப்பட்டி ஆலை.
இந்தத் தடவை உறை ஆளுக்கில்லை, அறைக்கு.
வேண்டியமட்டும் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஆளுக்கொரு பாய் கேட்டு
மேலாளருக்கு எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.